பிரைமரி களத்தில் இளம் தொண்டர்கள்: நம்பிக்கையும் ஏமாற்றமும்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை மாநிலவாரியாக நடக்கும் பிரைமரி தேர்தல்களும் காக்கஸ் கூட்டங்களும் பிரதிநிதிகளைப் பங்கிடுகின்றன. அந்தப் பிரதிநிதிகள் கோடையில் தேசிய மாநாட்டில் கூடி வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்கிறார்கள். பிரைமரி என்பது வாக்குச்சாவடியில் ரகசியமாகச் சீட்டுப் போடும் தேர்தல். காக்கஸ் என்பது கட்சியே நடத்தும் கூட்டம். பள்ளிக்கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ பகுதி மக்கள் ஒரே நேரத்தில் கூடித் தங்கள் விருப்பத்தைத் தெரிவிப்பார்கள். இரண்டிலும் மோதிக்கொள்பவர்கள் ஒரே கட்சிக்காரர்கள். எதிரில் நிற்பவரும் அதே கட்சி என்பதால் கட்சியின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்க வழியில்லை. ஆளைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பிரபலமில்லாத ஒருவர் களத்தில் இறங்கினால், அவர் யார், ஏன் நிற்கிறார் என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆட்கள் தேவை. சம்பளம் கொடுத்து அத்தனை பேரை வைத்துக்கொள்ளப் பணம் இருக்காது. அந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக வந்து நிற்பவர்கள் இருபது வயதை ஒட்டிய மாணவர்களும், படிப்பை முடித்து வேலை தேடும் இளைஞர்களும்தான்.

இவர்களின் ஏமாற்றத்தைத் தோல்வியின் வருத்தம் என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கம். கடந்த அரை நூற்றாண்டின் பிரைமரி களங்களைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. தோற்ற தொண்டர்களில் பலர் மீண்டும் வந்திருக்கிறார்கள். வென்ற களத்திலேயே மனம் கசந்து விலகியவர்களும் உண்டு. கொள்கைக்காக வந்த இளைஞருக்குப் பிரச்சாரம் எண்ணிக்கை வேலையைக் கொடுக்கிறது. அந்த எண்ணிக்கை கடைசியில் எப்படிப் பிரதிநிதியாக மாறுகிறது என்ற விதியோ அவருக்குப் பெரும்பாலும் காலம் கடந்தே தெரிகிறது. மனக்கசப்பின் வேர் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

1968: முன்மாதிரியான களம்

1967 நவம்பர் 30 அன்று மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி, பதவியில் இருந்த தம் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனை எதிர்த்துப் போட்டியிடுவதாக அறிவித்தார். வியட்நாம் போரை நிறுத்த வேண்டும் என்பதே அவர் நின்றதற்குக் காரணம். ஜான்சனை எதிர்க்க ஆள் தேடி அலைந்த ஆலர்ட் லோவன்ஸ்டைன் முதலில் ராபர்ட் கென்னடியைத்தான் அணுகினார். அவர் மறுத்த பிறகு தேடல் மெக்கார்த்தியிடம் வந்து நின்றது. 1968 ஜனவரி இறுதியில் வியட்நாமில் டெட் தாக்குதல் வெடித்தது. போர் முடியப்போகிறது என்று அரசு சொல்லிவந்ததை மக்கள் நம்பாமல் போனார்கள். பிப்ரவரியில், மேற்பட்டப் படிப்பு மாணவர்களில் பெரும்பாலோருக்கு இருந்த ராணுவச் சேர்ப்பு விலக்கும் நீக்கப்பட்டது. போர் மாணவர் விடுதியின் வாசலுக்கே வந்துவிட்டது.

முதல் பிரைமரி நடக்கவிருந்த, பனி உறைந்த நியூ ஹாம்ப்ஷயருக்கு நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்து இறங்கினார்கள். ஹார்வர்டு இறையியல் கல்லூரி மாணவர் சாம் பிரவுன் அவர்களை ஒருங்கிணைத்தார். வெல்லஸ்லி கல்லூரியிலிருந்து வார இறுதிகளில் வந்து உறைகளில் கடிதம் மடித்து வைத்தவர்களில் ஹிலாரி ரோட்டமும் ஒருவர். பிற்காலத்தில் அவர்தான் ஹிலாரி கிளிண்டன். அந்த மாநிலத்து மக்கள் பழமை விரும்பிகள். நீண்ட முடியும் தாடியுமாக ஒரு மாணவர் கதவைத் தட்டினால் அந்த வாக்கு போய்விடும் என்று பணிமனை கணக்குப் போட்டது. யூஜீன் என்ற பெயரைச் சுருக்கி, 'ஜீனுக்காகத் துப்புரவாக வா' என்ற பொருளில் ஒரு முழக்கமே எழுந்தது. இளைஞர்கள் தாடியை மழித்தார்கள், முடியை வெட்டிக்கொண்டார்கள், பெண்கள் குட்டைப் பாவாடையைத் தவிர்த்தார்கள். மழிக்க மனமில்லாதவர்களுக்குப் பின்னறையில் முகவரி எழுதும் வேலை கொடுக்கப்பட்டது. தம் தலைமுறையின் அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தலைமுறையின் கோரிக்கைக்காக வாக்குக் கேட்டவர்கள் இவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது 21. போருக்கு அனுப்பப்பட 18 போதும்.

ஜான்சன் தரப்பு எண்ணிட்ட உறுதிமொழி அட்டைகளை வாக்காளர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது. மூன்றாகக் கிழிக்கும் அட்டை அது: ஒரு துண்டு வாக்காளருக்கு, ஒன்று மாநிலக் கட்சிக்கு, ஒன்று வெள்ளை மாளிகைக்கு. தன் வாக்கு தன் சொந்த விஷயம் என்று நினைக்கும் ஊரில் இது எரிச்சலைக் கிளப்பியது. அதிபரின் செல்வாக்கு அட்டை நீட்டிய அதே வாசல்களில், மழித்த முகத்துடன் பணிவாகப் பேசிய மாணவர்கள் நல்ல பெயர் வாங்கினார்கள்.

மார்ச் 12-ஆம் தேதி வந்த முடிவு நாட்டையே உலுக்கியது. வாக்குச்சீட்டில் அச்சிடப்படாத தம் பெயரை வாக்காளர்கள் கையால் எழுதியதன் மூலம் ஜான்சன் ஏறத்தாழ 50 சதவீதம் பெற்றார். மெக்கார்த்தி பெற்றது 42 சதவீதம். ஆனால் ஜான்சன் சார்பில் அளவுக்கு மேல் ஆட்கள் பிரதிநிதி வேட்பாளர்களாக நின்று வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால், 24 பிரதிநிதி இடங்களில் 20 மெக்கார்த்திக்குப் போயின. வாக்கு எண்ணிக்கை வேறு, பிரதிநிதி எண்ணிக்கை வேறு என்ற பாடம் அந்த முறை மாணவர்களுக்குச் சாதகமாக வந்ததால் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இன்னொரு உண்மையையும் அப்போது யாரும் அறியவில்லை. பிலிப் கான்வர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1969-ல் வெளியிட்ட ஆய்வு, நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில், ஜான்சன் போரை இன்னும் கடுமையாக நடத்தவில்லையே என்று கோபப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அமைதி விரும்பிகளை விஞ்சி இருந்ததாகக் காட்டியது. அமைதிக்காக வாக்குச் சேகரித்த மாணவர்கள் பெற்றதில் பெரும்பகுதி, அதிபர் மேல் இருந்த பொதுவான வெறுப்பின் வாக்கு. கதவைத் தட்டியவர் சொன்னதும் கதவைத் திறந்தவர் கேட்டுக்கொண்டதும் ஒன்றாக இருக்கவில்லை. இதைச் சொல்வதால் அந்த மாணவர்களின் உழைப்பு சிறுத்துவிடாது. அவர்கள் இல்லாவிட்டால் அந்த வெறுப்பு ஒரு வேட்பாளர் பெயரில் திரண்டிருக்காது.

நான்கே நாளில், மார்ச் 16 அன்று ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தார். ஆபத்தான நேரத்தில் ஒதுங்கி நின்றவர், மாணவர்கள் பனியில் நடந்து வழி திறந்த பிறகு வருகிறாரே என்ற ஆத்திரம் மெக்கார்த்தி பணிமனைகளில் கொதித்தது. போருக்கு எதிரான இளைஞர் படை இரண்டாகப் பிளந்தது. மார்ச் 31 அன்று ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். இரண்டு நாளில் நடந்த விஸ்கான்சின் பிரைமரியில் மெக்கார்த்தி எளிதாக வென்றார். ஒரு மாணவர் படை பதவியில் இருக்கும் அதிபரைப் பின்வாங்க வைத்துவிட்டது என்ற பெருமிதம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் கலிபோர்னியா பிரைமரியில் வென்ற இரவே கென்னடி சுடப்பட்டார். ஜூன் 6 அன்று இறந்தார்.

ஆகஸ்ட் மாத இறுதியில் சிகாகோவில் கூடிய மாநாடு, ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரியைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய விதிப்படி பிரைமரி நடத்திய மாநிலங்கள் சிறுபான்மை. பெரும்பாலான மாநிலங்களில் பிரதிநிதிகளைக் கட்சியின் உள்ளூர்த் தலைவர்களே நியமித்தார்கள். ஹம்ப்ரிக்குச் சுமார் 1,760 வாக்குகள், மெக்கார்த்திக்கு 601. போர் நிறுத்தத்தைக் கோரிய அமைதித் தீர்மானமும் 1,567-க்கு 1,041 என்ற கணக்கில் தோற்றது. தெருவில் காவல்துறை போராட்டக்காரர்களை அடித்து நொறுக்கியது. மாநாடு முடிந்த இரவின் பின்ஜாமத்தில், கான்ராட் ஹில்டன் விடுதியின் 15-ஆம் மாடியில் இருந்த மெக்கார்த்தி பணியாளர் அறைகளுக்குள் புகுந்த போலீசார், ஜன்னல் வழியாகப் பொருள்களை எறிந்தார்கள் என்று சொல்லி அங்கிருந்த இளைஞர்களைத் தாக்கினார்கள். தாடியை மழித்துவிட்டு முறைப்படி வாக்குக் கேட்கப் போனவர்களும், முறையை நம்பாமல் தெருவில் நின்றவர்களும் அந்த வாரம் ஒரே தடியால் அடிபட்டார்கள்.

வேலையும் நோக்கமும்

1968-க்கு முன்பே அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் கொள்கைக்கும் கட்சி வேலைக்கும் இடையிலான மோதலின் தன்மையை ஓரளவு கண்டுகொண்டிருந்தார்கள். பீட்டர் கிளார்க்கும் ஜேம்ஸ் கியூ. வில்சனும் 1961-ல் எழுதிய கட்டுரை, ஓர் அமைப்புக்கு மனிதர்கள் உழைப்பதற்கான காரணங்களை மூன்றாகப் பார்த்தது: பொருள் ஆதாயம், கூடி இருப்பதன் மகிழ்ச்சி, கொள்கை நிறைவேறும் திருப்தி. அடுத்த ஆண்டு வில்சன் எழுதிய நூல், பதவியும் வேலையும் எதிர்பார்த்து உழைக்கும் பழைய கட்சிக்காரர்களுக்கும் கொள்கைக்காக வரும் புதியவர்களுக்கும் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் நடந்த உரசலை விவரித்தது. பழைய கட்சிக்காரருக்குத் தேர்தல் தோல்வி ஒரு தொழில் நஷ்டம். அடுத்த தேர்தலில் ஈடுகட்டிக்கொள்வார். கொள்கைக்காக வந்தவர் அப்படிக் கணக்கைத் தீர்க்க முடியாது. அவர் விட்டுக்கொடுத்தது ஒரு பருவப் படிப்பு, ஒரு வேலை, சில நேரம் ஒரு காதல். பதிலுக்கு அவர் எதிர்பார்த்தது நாடு மாறுவதை.

அப்படி வருபவரின் கையில் பணிமனை கொடுப்பது ஒரு நடைப் பட்டியல். முன்பு அட்டையில் செருகிய தாள்; இப்போது கைப்பேசித் திரை. தெருவின் ஒற்றைப்படை எண் வீடுகள் ஒருபுறம், இரட்டைப்படை மறுபுறம். ஒவ்வொரு வீட்டிலும் பதிவு செய்த வாக்காளரின் பெயர், வயது, கட்சி, கடந்த தேர்தல்களில் வாக்களித்தாரா என்ற விவரம். கதவு திறந்தால் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். கேட்டதை எண்ணாகக் குறிக்க வேண்டும். உறுதியான ஆதரவாளர் 1, ஆதரவுப் பக்கம் சாய்பவர் 2, முடிவெடுக்காதவர் 3, எதிர்ப்பக்கம் சாய்பவர் 4, உறுதியான எதிர்ப்பாளர் 5. பெரும்பாலான கதவுகள் திறப்பதே இல்லை. மகன் ராணுவத்தில் இருப்பதையோ மருத்துவமனைக் கடனையோ ஒரு மூதாட்டி வாசலில் நின்று கால் மணி நேரம் சொன்னாலும், தாளில் இறங்குவது 3 என்ற ஓர் எண் மட்டுமே. இரவில் அந்த எண்கள் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. ஜனநாயகக் கட்சியினர் 2000-களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்திவரும் 'வோட்டர் ஆக்டிவேஷன் நெட்வொர்க்' அதில் முதன்மையானது. மாநிலத் தலைமையகம் கேட்பது எத்தனை கதவு, எத்தனை அழைப்பு, எத்தனை 1 என்பதைத்தான்.

இந்த வேலைக்குப் பயன் உண்டா? ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் நியூ ஹேவன் நகரில் 1998-ல் நடத்தி 2000-ல் வெளியிட்ட களப் பரிசோதனை, நேரில் போய்ப் பேசுவது வாக்குப் பதிவைக் கணிசமாக உயர்த்துகிறது, தொலைபேசி அழைப்பு உயர்த்தவில்லை என்று காட்டியது. ஒருவரின் மனத்தை மாற்றுவது வேறு விஷயம். ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 2018-ல் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுத் தேர்தலில் வேட்பாளர்களுக்கிடையே வாக்காளரை மனம் மாற்றும் விளைவு சராசரியில் பூஜ்யம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கட்சி அடையாளம் வழிகாட்டாத இடங்களில், அதாவது பிரைமரி போன்றவற்றில், பேச்சுக்கு மதிப்பு இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. ஆகவே பிரைமரி தொண்டரின் நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. அவர் நிற்கும் களம்தான் பேச்சு எடுபடும் களம்.

ஆனால் பேசுபவர் யார் என்பதில் சிக்கல் இருக்கிறது. ராயன் ஈனோஸ், ஐடன் ஹெர்ஷ் இருவரும் 2012 ஒபாமா பிரச்சாரத்தின் களப்பணியாளர்களை ஆராய்ந்து 2015-ல் எழுதிய கட்டுரை, அவர்கள் தாங்கள் சந்திக்கும் வாக்காளர்களைவிடத் தீவிரக் கருத்துள்ளவர்கள் என்றும், வாக்காளருக்கு எது முக்கியம் என்பதைச் சரியாகக் கணிக்கவில்லை என்றும் கண்டது. கொள்கைப் பிடிப்பே ஒருவரைக் கதவுவரை கொண்டு வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் புரிந்துகொள்ள அதுவே தடையாகவும் நிற்கிறது. தலைமையகம் எழுதிக் கொடுத்ததைத்தான் பேச வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். தொண்டருக்கு அது தன் வாயைக் கட்டுவதாகப் படுகிறது. இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருப்பதால்தான் இந்த உரசல் ஒவ்வொரு தேர்தலிலும் திரும்ப வருகிறது.

அயோவா: ஒரே மாநிலம், இரண்டு விளைவுகள்

1972 முதல் 2020 வரை ஜனநாயகக் கட்சிக் காலண்டரில் முதலில் வந்தது அயோவா காக்கஸ். அங்கே அடுத்தடுத்து நடந்த இரண்டு பிரச்சாரங்கள், தொண்டர் படையைப் பயன்படுத்தும் முறையில் எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதைக் காட்டுகின்றன.

2003-ல் வெர்மாண்ட் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன், இராக் போரை வெளிப்படையாக எதிர்த்ததன் மூலம் இளைஞர்களை ஈர்த்தார். அவருடைய பிரச்சார மேலாளர் ஜோ டிரிப்பி இணையத்தை முதன்முதலாகப் பெரிய அளவில் அமைப்பு வேலைக்குப் பயன்படுத்தினார். சிறு நன்கொடைகள் குவிந்து, அந்த ஆண்டில் மட்டும் 4 கோடி டாலர் சேர்ந்தது. மாதந்தோறும் கூடிய ஆதரவாளர்கள் அயோவா வாக்காளர்களுக்குக் கையால் கடிதம் எழுதினார்கள். 2004 ஜனவரியில் காக்கஸ் நெருங்கியபோது சுமார் 3,500 தொண்டர்கள் வெளிமாநிலங்களிலிருந்து வந்து, ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்து தெருத் தெருவாக நடந்தார்கள். ஜனவரி 19 இரவு வந்த முடிவு: ஜான் கெர்ரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18. விளம்பரச் சண்டை, டீன் தவறிப் பேசியவை, எதிரிகளின் அமைப்பு பலம் என்று காரணங்கள் பல. அவற்றோடு ஒன்றைச் சேர்க்கத்தான் வேண்டும். காக்கஸில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் சொல்லுக்கு இருக்கும் எடை, ஆயிரம் மைல் தள்ளி இருந்து வந்த தொப்பிக்காரரின் சொல்லுக்கு இருக்காது. ஆர்வம் இருந்தது, வேர் இல்லை.

அன்றிரவு டீன், வாடிப்போயிருந்த தம் இளம் தொண்டர்களைத் தேற்றத்தான் மாநிலங்களின் பெயர்களை அடுக்கி உரக்கக் கத்தினார். அரங்கில் இருந்தவர்களுக்குக் கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் சரியாகக்கூடக் கேட்கவில்லை. கைப்பிடி ஒலிவாங்கி சுற்றுச் சத்தத்தை வடிகட்டிவிட்டதால், தொலைக்காட்சியில் ஒரு மனிதர் காரணமில்லாமல் அலறுவதுபோல் கேட்டது. அந்தத் துண்டு நூற்றுக்கணக்கான முறை ஒளிபரப்பானது. தொண்டர்கள் தங்களுக்கு ஆறுதலாகக் கேட்ட குரல் நாடு முழுக்க நகைப்புக்கு ஆளானதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

2007-ல் பராக் ஒபாமாவின் அயோவா பொறுப்பாளர் பால் டியூஸ் தலைமையிலான குழு வேறு வழியில் போனது. வந்திறங்கிய இளம் அமைப்பாளர்கள் அங்கேயே மாதக்கணக்கில் தங்கினார்கள். ஆதரவாளர் வீடுகளில் உபரி அறைகளில் படுத்தார்கள். அவர்களின் வேலை வாக்குக் கேட்பதைவிட, உள்ளூரில் ஒருவரைக் கண்டுபிடித்து அவரைப் பகுதித் தலைவராக வளர்ப்பது. மதித்தல், பொறுப்புக் கொடுத்தல், சேர்த்துக்கொள்ளுதல் என்ற மூன்று சொற்களைப் பணிமனைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். தொண்டர் பயிற்சி முகாம்களை வடிவமைத்தவர்களில் ஒருவர் மார்ஷல் கான்ஸ். 1964-ல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டு மிசிசிப்பி கருப்பின உரிமைப் போராட்டத்துக்குப் போய், பிறகு சீசர் சாவெஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் 16 ஆண்டுகள் உழைத்தவர் அவர். எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிப்பதற்குப் பதில், தான் ஏன் இங்கே வந்தேன் என்ற சொந்தக் கதையைச் சொல்லும்படி அவர் தொண்டர்களைப் பழக்கினார். எலிசபெத் மெக்கென்னாவும் ஹாரி ஹானும் 2014-ல் வெளியிட்ட நூல், பொறுப்பைத் தொண்டர்களிடமே ஒப்படைக்கும் இந்தக் குழுமுறையைத்தான் ஒபாமா பிரச்சாரங்களின் முக்கியப் புதுமையாகக் கருதுகிறது.

அன்றைய ஜனநாயகக் கட்சிக் காக்கஸ் அறையைக் கிட்டத்தில் பார்த்தால் உள்ளூர் ஆளின் மதிப்பு புரியும். ஒரு பகுதிக் கூட்டத்துக்கு 100 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விதிப்படி ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் அறையின் ஒரு மூலையில் திரள வேண்டும். பெரும்பாலான பகுதிகளில் 15 சதவீதம் சேராத குழு கலைந்துவிடும். 13 பேர் நிற்கும் மூலைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். இல்லாவிட்டால் அந்த 13 பேரும் வேறு மூலைக்குப் போகலாம் அல்லது வீட்டுக்குப் போகலாம். அந்தச் சில நிமிடங்களில் பள்ளி ஆசிரியர் பழைய மாணவரின் கையைப் பிடித்து இழுக்கிறார். தேவாலயத்தில் கூடப் பாடுபவர் அழைக்கிறார். வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதம் உழைத்த தொண்டர் சுவரோரம் பார்வையாளராக நிற்கலாம். எண்ணிக்கையில் சேர முடியாது. தன் உழைப்பின் பலனை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு நிற்கும் அந்த நிமிடங்களைவிடக் கடினமான சோதனை ஒரு தொண்டருக்கு இல்லை.

2008 ஜனவரி 3 இரவு சுமார் 2,39,000 பேர் ஜனநாயகக் கட்சிக் காக்கஸுக்கு வந்தார்கள். 2004-ல் வந்தவர்கள் சுமார் 1,24,000. ஒபாமா 38 சதவீதம் பெற்று முதலிடம் வந்தார். வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 30 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களில் 57 சதவீதம் பேர் அவருக்கு ஆதரவளித்தார்கள் என்று நுழைவுக் கருத்துக்கணிப்பு சொன்னது. ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி கிளிண்டன் வென்று அந்த மகிழ்ச்சியைக் கலைத்தார். போட்டி ஜூன்வரை இழுத்தது.

விதிகள் தரும் அடி

குடியரசுக் கட்சியில் விதியை நன்றாகப் படித்தவர்கள் ரான் பாலின் இளம் ஆதரவாளர்கள். 2012 அயோவா காக்கஸ் இரவில் அவர் 21 சதவீதத்துடன் மூன்றாம் இடம். அப்போது அங்கே அந்த இரவு வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. பிரதிநிதிகள் பின்னால் நடந்த மாவட்ட, மாநிலக் கூட்டங்களில்தான் தேர்வானார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் பாலின் ஆதரவாளர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்து 28 இடங்களில் 22-ஐப் பிடித்தார்கள். கட்சி வேறு விதமாகப் பதில் சொன்னது. டாம்பாவில் கூடிய தேசிய மாநாட்டில் மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த பாலின் பிரதிநிதிகளில் பாதிப்பேர் நீக்கப்பட்டார்கள். ஒருவரை முன்மொழியத் தேவையான மாநிலங்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து எட்டாக உயர்த்தப்பட்டது. விதியைக் கற்றுக்கொண்டு ஆடியவர்களின் கண்ணெதிரே விதி மாற்றப்பட்டது. இது நியாயமில்லை என்பதை அவர்களின் கொள்கையை ஏற்காதவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2016-ல் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸின் தொண்டர்கள் விதிகளில் மூன்று இடங்களில் முட்டிக்கொண்டார்கள். முதலாவது கட்சிப் பதிவு. ஏப்ரல் 19 அன்று நடந்த நியூயார்க் பிரைமரியில் வாக்களிக்க, ஏற்கெனவே பதிவான வாக்காளர்கள் முந்தைய ஆண்டு அக்டோபர் 9-க்குள் ஜனநாயகக் கட்சிக்குப் பதிவை மாற்றியிருக்க வேண்டும். கதவைத் திறந்து ஆவலோடு ஆதரவு சொன்ன பலருக்கு, வாக்களிக்கும் காலம் ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நிலை தொண்டர்களுக்கு வந்தது. இரண்டாவது சூப்பர் டெலிகேட்டுகள். கட்சித் தலைவர்களும் பதவியில் இருப்பவர்களும் தம் விருப்பப்படி வாக்களிக்க 1984 முதல் இருந்த ஏற்பாடு இது. மொத்தப் பிரதிநிதிகளில் அவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60 சதவீதம் பெற்று வென்றும், அந்த மாநில சூப்பர் டெலிகேட்டுகளில் பெரும்பாலோர் கிளிண்டன் பக்கம் நின்றார்கள். மூன்றாவது அடி ஜூன் 6 மாலை விழுந்தது. கலிபோர்னியா வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், சூப்பர் டெலிகேட்டுகளையும் கூட்டி, கிளிண்டன் தேவையான எண்ணிக்கையை எட்டிவிட்டதாக அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. மறுநாள் காலை தட்ட வேண்டிய கதவுகளின் பட்டியல் அப்போது தொண்டர்கள் கையில் இருந்தது.

உண்மையைச் சொன்னால் சூப்பர் டெலிகேட்டுகள் முடிவை மாற்றவில்லை. கிளிண்டன் சுமார் 1 கோடியே 69 லட்சம் வாக்குகளும் சாண்டர்ஸ் 1 கோடியே 32 லட்சம் வாக்குகளும் பெற்றார்கள். ஆனால் 30 வயதுக்குட்பட்டவர்களிடம் சாண்டர்ஸ் பெற்ற வாக்குகள், கிளிண்டனும் டிரம்பும் அந்த வயதினரிடம் பிரைமரிகளில் பெற்றதைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். ஒரு தலைமுறை ஒருமுகமாக ஒருவரை ஆதரித்தும் எண்ணிக்கையில் போதவில்லை என்பதே நடந்தது. விதி வளைந்திருக்கிறது என்ற சந்தேகம் மனத்தில் விழுந்த பிறகு, அந்த எண்ணிக்கையை ஏற்றுக்கொள்வது அவர்களுக்குக் கடினமாகிவிட்டது. கட்சிக்கு அந்த ஏற்பாட்டால் வந்த உண்மையான கேடு இதுதான்.

விதி மட்டுமல்ல, எண்ணும் ஏற்பாடும் அடி கொடுத்ததுண்டு. 2020 பிப்ரவரி 3 அயோவா காக்கஸில் முடிவுகளை அனுப்ப உருவாக்கிய செயலி செயலிழந்தது. ஓராண்டு உழைத்த தொண்டர்கள் வெற்றி விழா கூடங்களில் விடிய விடியக் காத்திருந்தார்கள். முடிவுகள் நாள்கணக்கில் இழுத்தன.

பிறகு என்ன ஆகிறார்கள்

யார் தொண்டராக வர முடிகிறது என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைக்க, வீட்டில் யாராவது செலவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கல்லூரிக் கடன் கட்டுபவருக்கும் பெற்றோரைத் தாங்குபவருக்கும் அது இயலாது. டானா ஃபிஷர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த ஊதியத்துக்குக் கதவு தட்டும் வேலைக்கு இளைஞர்களை அமர்த்தும் ஏற்பாடுகள் அவர்களைச் சீக்கிரம் களைப்படைய வைத்து அரசியலை விட்டே விரட்டுவதாக எச்சரித்தது. 2019 மார்ச்சில் சாண்டர்ஸ் பிரச்சாரப் பணியாளர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள்; பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவரின் பிரச்சாரத்தில் அது முதல் முறை. கொள்கைக்காக வருபவருக்கும் சாப்பாடும் தூக்கமும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள இந்தத் துறைக்கு அத்தனை காலம் பிடித்தது.

நிலைத்தவர்களின் வழிகள் பல. சாம் பிரவுன் 1969 அக்டோபர் 15 அன்று நாடு முழுக்க நடந்த வியட்நாம் போர் எதிர்ப்பு நாளின் முக்கிய அமைப்பாளர்களில் ஒருவரானார். பிறகு கொலராடோ மாநிலக் கருவூலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2016-ல் நியூயார்க்கில் சாண்டர்ஸுக்காகக் களப்பணி செய்த அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், 2018 ஜூன் 26 அன்று நடந்த பிரைமரியில் கட்சியின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் ஜோ கிரௌலியைத் தோற்கடித்தார். வென்ற பக்கத்திலோ ஒபாமாவின் தொண்டர் அமைப்பு 2009-ல் கட்சியின் தேசியக் குழுவுக்குள் இணைக்கப்பட்டது. சொந்தமாக முடிவெடுத்துப் பழகிய உள்ளூர்க் குழுக்கள் மேலிருந்து வரும் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதாகி, பல இடங்களில் கலைந்தன.

தோற்ற களங்கள் விட்டுச்சென்றவற்றில் அதிகம் நிலைத்தவை விதி மாற்றங்கள். சிகாகோ மாநாட்டின் அவமானத்துக்குப் பிறகு அமைந்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு, பிரதிநிதிகளைத் தேர்தல் ஆண்டிலேயே, வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், இளைஞர், பெண்கள், சிறுபான்மையினருக்கு உரிய இடம் வேண்டும் என்றும் விதித்தது. இன்றைய பிரைமரி முறை அதிலிருந்து வளர்ந்தது. 1971-ல் 26-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது. நியூயார்க்கில் கட்சிப் பதிவை மாற்றும் கடைசி நாள் 2020 பிரைமரிக்கு முன்பு பிப்ரவரி 14-க்கு மாற்றப்பட்டது. 2018 ஆகஸ்ட் 25 அன்று சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சித் தேசியக் குழு, போட்டி இருக்கும் மாநாட்டில் சூப்பர் டெலிகேட்டுகள் முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாது என்று முடிவு செய்தது. அந்த விதி 2020-ல் நடைமுறைக்கு வந்தது.